மெலோடிக்கா: ஒரு சகோதரி

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் பின்னேரம். இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில், எங்கள் வீட்டு மண்டபம் நிறைய ஆட்கள். சாப்பாடு முடிந்துவிட்டது. வட்டிலப்பத்தின் கடைசித் துண்டையும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். ஆண்கள் கதிரைகளில் சாய்ந்திருந்தார்கள். பெண்கள் கதவோரம் நின்றார்கள். பிள்ளைகள் பாயில் கிடந்தார்கள். எல்லாருமாக ரி.வி. பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஓடிக்கொண்டிருந்தது என் தங்கை மகன் அஸ்ஹரின் பாட்டு. சாய்ந்தமருதில் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையை வைத்துக்கொண்டு, கணினியில் பொப் பாட்டுகள் செய்கிறவன் அவன். பெருநாளுக்கென்று யூடியூப்பில் விட்ட புதுப் பாட்டு அது. கடற்கரையில் இழுத்து வைத்த தோணிகளுக்கு நடுவே பாடகன் சுதாகர் நடந்துவருகிறான். சுதாகர் பாண்டிருப்புப் பொடியன்; குரல் வளம் உள்ளவன். பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய மெதுவான பாட்டு.

முதல் பகுதி முடிந்ததும் சுதாகர் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்க்கிறான். அந்த இடத்தில் தாடி வைத்த ஓர் இளைஞன் வருகிறான். மடியில் ஒரு மெலோடிக்கா. அதன் குழாயை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஊதுகிறான்.

நெல் வியாபாரம் செய்யும் என் மைத்துனர், சாதாரணமாகப் பாட்டுக் கேட்கிற ஆளல்ல, காலைக் கீழே இறக்கி நிமிர்ந்து இருந்தார்.

அப்போதுதான் பாயில் கிடந்த பெண் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி என் மகளின் மகள் ஸைனப். மற்றவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். அடக்க முடியாத சிரிப்பு. என் மகள் ஏசினாள்.

"உம்மா, அந்த மாமாட குழாயப் பாருங்களன்," என்றாள் ஸைனப். "கழண்டு தொங்குது."

பாட்டைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தோம். உண்மைதான். குழாயின் ஒரு முனை அந்த இளைஞனின் வாயில் இருக்கிறது. மறுமுனை வாத்தியத்தில் இல்லை. சட்டைப் பைக்குப் பக்கத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது.

பாட்டு முடிந்து பெயர்கள் ஓடின. இசை அஸ்ஹர், குரல் சுதாகர். அதற்குக் கீழே ஒரு வரி: "மெலோடிக்கா: ஒரு சகோதரி".

என் மைத்துனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்தார். பிறகு சொன்னார்: "சகோதரிக்கித் தாடி இரிக்கே."

மண்டபமே சிரித்தது. இந்தத் தடவை ஸைனப் சிரிக்கவில்லை. "ஊதுறது எங்கட றிஸ்வானா டீச்சர்," என்றாள்.

ஊதினால் போதாது, அமத்தினால் போதாது

மெலோடிக்காவைப் பார்த்திராதவர்கள் எங்கள் கரையில் இல்லை. ஆனாலும் அதை உற்றுப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் சொல்கிறேன்.

முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்குமான நீளம். பியானோவைப் போல வெள்ளையும் கறுப்புமாகக் கட்டைகள். ஓரத்தில் ஒரு துளை. அதில் நேராக வாய் வைத்தும் ஊதலாம். வளைகிற குழாய் ஒன்றைச் சொருகி, வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டும் ஊதலாம். உள்ளே மெல்லிய உலோக நாக்குகள். கட்டையை மட்டும் அமத்தினால் சத்தம் வராது. ஊத மட்டும் செய்தாலும் வராது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் வாத்தியம் பேசும்.

ஆர்மோனியத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஆர்மோனியத்துக்குக் காற்றைக் கை கொடுக்கிறது. மெலோடிக்காவுக்கு நெஞ்சு கொடுக்கிறது. அதனால் ஒரு வரியின் நீளம் வாசிப்பவரின் மூச்சின் நீளந்தான். ஊதிக்கொண்டே போனால் உள்ளே ஈரம் சேரும். அடியில் ஒரு சிறிய பொத்தான் இருக்கிறது. அதை அமத்திக்கொண்டு பலமாக ஊதினால் தண்ணீர் வெளியே வரும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

பத்திரிகைக்கு எழுதிய காலத்தில் நான் போகாத பாடசாலை விளையாட்டுப் போட்டி இந்தக் கரையில் இல்லை. எல்லா இடத்திலும் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் மெலோடிக்கா ஊதிக்கொண்டு முன்னால் வருவார்கள். "பாண்ட் வாத்தியம் முழங்க அதிதிகள் அழைத்துவரப்பட்டனர்" என்று எழுதுவேன். முழங்கியது என்ன வாத்தியம் என்று ஒரு தடவையும் எழுதியதில்லை. ஆசிரியர் பீடமும் கேட்டதில்லை.

அது பிள்ளைகளின் சாமான் அல்ல என்று எனக்குக் காட்டியது ஒரு கசெட். சவூதியிலிருந்து வந்த கூட்டாளி ஒருவன் கொண்டுவந்தது. ஜமெய்க்கா என்ற தீவின் பாட்டுகள். அடியில் கிட்டார் கனமாக நடந்துபோகும். பறை மாதிரி ஒரு தாளம், அதுவும் அவசரப்படாது. அவற்றுக்கு மேலே, கொஞ்சம் தடிமன் பிடித்த குரல் போல ஏதோ ஒன்று தனியாக அலையும். ஆர்மோனியமா, மவுத் ஓகனா என்று நாங்கள் வாதாடினோம். கசெட்டின் அட்டைப் படத்தைப் பார்த்தபோது ஒரு மெலிந்த மனிதரின் கையில் எங்கள் பாடசாலைச் சாமான் இருந்தது. அங்கும் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இசை படிப்பிக்கத்தான் வந்ததாம். அவர் அதைப் பொப் இசைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்.

பொப் பாட்டுக்கு அது ஏன் பொருந்துகிறது என்று அப்போதிருந்து யோசித்திருக்கிறேன். பாடகர் நிறுத்தும் இடத்தில் கிட்டார் வந்தால், வாத்தியம் வருகிறது என்று காதுக்குத் தெரியும். மெலோடிக்கா வந்தால் இன்னொரு ஆள் பேச வருவது போலிருக்கும். அதற்குள் மூச்சு இருக்கிறது. மூச்சு இருக்கிற இடத்தில் காது ஒரு மனிதரைத் தேடும்.

மூச்சு வாங்காத ஆள்

அஸ்ஹரின் அறையில் சுவரெல்லாம் பழைய மெத்தைகள். ஒரு கணினி, ஒரு மைக், ஒரு மின்விசிறி. பதிவு செய்யும்போது விசிறியை நிறுத்திவிடுவார்கள். அந்த அறையில் பாடுகிற யாரும் இரண்டாம் தடவைக்கே வியர்த்துக் கரைந்துபோவார்கள்.

பாட்டின் நடுவில் மெலோடிக்கா வரவேண்டும் என்று அஸ்ஹர் தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தான். கணினிக்குள் அந்தச் சத்தம் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தான். சுதாகருக்குப் பிடிக்கவில்லை.

"மச்சான், இது மூச்சு வாங்காத ஆள் ஊதுறது," என்றானாம். "எனக்குக் கேக்கவே மூச்சு முட்டுது."

கல்முனையில் ஒரு பரிசளிப்பு விழாவில், மருதமுனைப் பாடசாலை ஒன்றின் பாண்ட் வாத்தியக் குழு வாசித்ததைச் சுதாகர் கேட்டிருக்கிறான். பிள்ளைகளுக்கு முன்னால் நின்று டீச்சர் ஒரு வரியைத் தனியாக வாசித்துக் காட்டினாராம். அந்த ஆளைப் பிடி என்றான்.

அந்த ஆள்தான் றிஸ்வானா டீச்சர். ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறவர். கணவர் நஸீர் சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிறார். இசையை முறையாகப் படித்தவரல்ல. பாண்ட் குழுவுக்குப் பொறுப்பாக யாராவது வேண்டும் என்று பாடசாலை அதிபர் கேட்டபோது மற்றவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்தார்கள், தான் குனியச் சுணங்கிவிட்டேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். குழுவுக்கு இருந்த மெலோடிக்காக்களில் ஒன்றை விடுமுறைக்கு வீட்டுக்கு எடுத்துவந்து, தானாகப் பழகிக்கொண்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கட்டையை முழுதாக அமத்தாமல் பாதியில் நிறுத்தினால் சுரம் சற்றுத் தாழ்ந்து, வளைந்து மேலே வரும். பிள்ளைகள் அப்படிச் செய்தால் "அரைக்கட்டை அமத்தாதீங்க" என்று அதட்டுவார். ஆனால் தான் வாசிக்கும்போது, வரியின் கடைசிச் சுரத்துக்கு எப்போதும் அரைக்கட்டையில்தான் போவார். ஸைனப்பும் கூட்டாளிகளும் டீச்சரை அடையாளம் கண்டது அதில்தான்.

அஸ்ஹர் தொலைபேசியில் கேட்டதும் அவர் உடனே ஒத்துக்கொண்டார். பாட்டுப் பாடுவதில்லை, ஆண்கள் இருக்கிற அறைக்கு வந்து இருந்து வாசிப்பதில்லை என்று அவருக்கு அவருடைய எல்லைகள் இருந்தன. அவற்றைத் தானே சொன்னார். பிறகு ஒரேயொரு விஷயம் கேட்டார். பாட்டில் தன் பெயரைப் போடவேண்டும்.

"ஓம் டீச்சர்," என்றான் அஸ்ஹர்.

கஞ்சிக்கு முந்திய நேரம்

அது நோன்பு மாதம். பெருநாளுக்கு முன் பாட்டு முடியவேண்டும்.

பகலில் வாசிக்க டீச்சர் சம்மதிக்கவில்லை. குழாயில் சேரும் ஈரம் சில நேரம் வாய்க்குத் திரும்பி வரும். நோன்போடு அந்த விளையாட்டு வேண்டாம் என்றார். சரி, நோன்பு திறந்த பிறகு என்றால் அதிலும் ஒரு சிக்கல். எங்கள் ஊரில் நோன்பு திறப்பது கஞ்சியோடு. கோப்பை நிறையக் கஞ்சியும் கூடவே இரண்டு சமோசாவும் உள்ளே போனால் அதற்குமேல் வயிற்றில் காற்றுக்கு இடமிருக்காது. முதல் நாள் கஞ்சி குடித்துவிட்டு ஊதிப் பார்த்திருக்கிறார். வரி பாதியில் நின்றது.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார். பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து நோன்பு திறப்பது. மஃரிப் தொழுவது. மற்றவர்கள் கஞ்சிக்கு உட்காரும்போது தான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது. உடுப்பு அலுமாரியின் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து, தொங்குகிற சேலைகளுக்கும் அபாயாக்களுக்கும் முன்னால் கட்டிலில் இருந்து வாசிப்பது. துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்துப் பதிவு செய்து அனுப்புவது.

அந்த இடைவெளி சிறியது. அதற்குள்ளும் தெருவில் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ வரும். அது ஒலிபரப்புகிற மெட்டு இலங்கையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். நோன்பு காலத்தில் பாண்காரன் மஃரிப்புக்குப் பிறகுதான் எங்கள் தெருப் பக்கம் வருவான். டீச்சர் அனுப்பிய முதல் பதிவுகளில் மெலோடிக்காவுக்குப் பின்னால் பாண்காரனும் வாசிக்கிறான். ஒன்றில் இரண்டும் ஒரே சுதியில் விழுந்துவிட்டன என்று அஸ்ஹர் அதை எனக்குப் போட்டுக் காட்டினான். கெட்டதாக இல்லை.

கடைசியில் நஸீர் தெரு முனைக்குப் போய், பாண்காரனை நிறுத்தி, தேவைக்கு மிஞ்சிய பாணை வாங்கிக்கொண்டு கதை கொடுத்திருக்கிறார். பாட்டில் இருக்கிற வரி அந்த நேரத்தில் பதிவானது.

நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பாடகன் விட்ட இடத்திலிருந்து அது தொடங்குவதில்லை. கொஞ்சம் பொறுத்துத் தொடங்குகிறது. பதில் சொல்லுமுன் ஒருவர் யோசிப்பது போல. மேலே ஏறும்போது சத்தத்தைக் கூட்டுவதில்லை. வரியின் நடுவில் மூச்சு எடுக்கும் இடம் தெளிவாகக் கேட்கிறது. அவர் அதை மறைக்கவில்லை. அந்த மூச்சுக்குப் பிறகு வருகிற சுரம் பாட்டு முழுவதிலும் சிறந்த இடம். அளவு தெரிந்த வாசிப்பு. இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம் என்று எங்கும் தோன்றவில்லை, எதையும் குறைத்திருக்கலாம் என்றும் தோன்றவில்லை.

பெயர் போன வழி

அஸ்ஹர் கெட்டவனல்ல. அவன் செய்த பிழை மரியாதையால் வந்தது. எங்கள் ஊர்களில்தான் அப்படியொரு பிழை நடக்கும்.

பாட்டு முடிந்து பெயர்களை எழுதும்போது அவனுக்குத் தயக்கம் வந்திருக்கிறது. உம்மாவிடம், அதாவது என் தங்கையிடம், கேட்டிருக்கிறான். ஒரு குடும்பப் பெண்ணின் பெயரை யூடியூப்பில் போட்டு, கண்டவனும் கீழே கண்டதையும் எழுத வைப்பதா என்று அவள் கேட்டாள். டீச்சர் கேட்டதைத் தாங்கள் இருவரும் அவருடைய நன்மைக்காக மறந்துவிடுவது நல்லது என்று முடிவாகியது. பள்ளிவாசல் நிதிக்கு யாரோ கொடுத்தால் "ஒரு சகோதரி" என்று வாசிப்பார்களே, அது அவனுக்கு நினைவு வந்தது. கண்ணியமான சொல். போட்டுவிட்டான்.

காணொளியில் யாராவது வாசிப்பதாகக் காட்டவேண்டுமே. கூட்டாளி இர்பானைக் கூப்பிட்டான். இர்பான் சாய்ந்தமருதில் போன் உறைகள் விற்கிறவன். பார்க்க வடிவான பொடியன். மெலோடிக்காவை வாழ்க்கையில் தொட்டதில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. நிருபராக இருந்த காலத்தில் மரண அறிவித்தல்கள் என் கையால்தான் கொழும்புக்குப் போகும். ஆண் மௌத்தானால் பெயர் முழுதாக வரும். பெண் மௌத்தானால் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்ன அதிபரின் மாமியார் என்று வரும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஒருமுறை ஆசிரியர் பீடத்தில் புதிதாக வந்த ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: இறந்தவரின் பெயர் என்ன?

நான் அந்த வீட்டுக்கு எடுத்துக் கேட்டேன். மூத்த மகன் பேசினார். "உம்மாட பேரா?" என்றார். "இரிங்க சேர், வாப்பாட்ட கேட்டுச் சொல்றன்."

அவர் தாயை நேசிக்காத மகனல்ல. உம்மா என்று கூப்பிட்டே வளர்ந்த ஒருவருக்கு இன்னொரு பெயர் தேவைப்பட்டதில்லை, அவ்வளவுதான்.

இர்பானின் கடை

தொங்கிய குழாயை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் பார்க்கவில்லை. இந்தக் கரையில் ஆரம்பப் பாடசாலைக்குப் போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் மெலோடிக்கா தெரியும். பாட்டு பரவப் பரவ அந்தச் சிரிப்பும் கூடவே பரவியது. பிறகு யாரோ கடைசி வரியையும் தாடியையும் சேர்த்துப் படமெடுத்துப் போட்டார்கள்.

இர்பானின் கடைக்கு வந்தவர்கள் உறையின் விலையைக் கேட்குமுன் "சகோதரி, எப்புடி சுகம்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இரண்டு வாரத்தில் அவன் தாடியை எடுத்துவிட்டான். "இப்பதான் சகோதரி மாதிரி இரிக்கீங்க," என்றான் பக்கத்துக் கடைக்காரன்.

பாட்டு நன்றாகப் போனது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னொன்று வேண்டும் என்று அஸ்ஹர் மெட்டுப் போட்டுவிட்டான். மெலோடிக்கா இல்லாமல் தான் பாடமாட்டேன் என்று சுதாகர் சொல்லிவிட்டான். டீச்சரோ அஸ்ஹரின் அழைப்பை எடுப்பதில்லை. அவன் என்னிடம் வந்தான். தனியாக அவன் அந்த வீட்டுக்குப் போவது சரியில்லை. நானும் என் மனைவியும் போகவேண்டும்.

போனோம்.

தூது

டீச்சரின் வீடு எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். நஸீர் வயலிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி வந்தது. அஸ்ஹர் வருந்துவதைச் சொன்னேன். பாட்டுக்குக் கீழே உள்ள குறிப்பில் பெயரைத் திருத்திப் போடவும், அடுத்த பாட்டில் தொடக்கத்திலேயே போடவும் அவன் தயார் என்றேன்.

டீச்சர் கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அவர் நல்லதுக்குத்தான் செஞ்சிரிக்கார் சேர். எனக்கு விளங்குது," என்றார். "ஆனா ஊருல எத்தின சகோதரி இரிக்காங்க. அதுல ஆரு ஊதின?"

பெயர் வந்தால் ஆட்கள் கதைப்பார்களே என்று தங்கை பயந்ததைச் சொன்னேன்.

"இப்ப கதைக்கல்லயா? தாடி வச்ச சகோதரி எண்டு ஊரெல்லாம் கதைக்குது."

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எத்தின வருஷம் பேப்பருக்கு எழுதின. 'கல்முனை நிருபர்' எண்டுதானே போடுவாங்க. எப்புடி இருந்திச்சி?"

"பழகிப் போச்சு," என்றேன்.

"எனக்குப் பழக ஏலாது சேர்."

அப்போது நஸீர் பேசத் தொடங்கினார். அறுவடைக் காலம். அவருடைய வயலில் வெட்டு மெசின் இறங்கியிருந்தது. மெசினை ஓட்டியவன் சாப்பாட்டு நேரத்தில் வரம்பில் இருந்துகொண்டு போனில் இந்தப் பாட்டைப் போட்டானாம். மெலோடிக்கா வந்ததும் சோற்றுக் கையை நிறுத்தி, "காக்கா, இந்த ஊதுறவன் ஆரெண்டு தெரியல்ல, ஆனா ஆள் லேசுப்பட்டவனில்ல" என்றானாம்.

"என்ட பொஞ்சாதிதான்டா எண்டு சொல்ல வாய் வந்திச்சி," என்றார் நஸீர். "சொல்லவா விடவா எண்டு நிண்டன். மறுகா அவன் மெசின்ல ஏறிட்டான்."

டீச்சர் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக் கொண்டிருந்தார். எடுப்பதை நிறுத்தவில்லை.

"அதோட இன்னொண்டு," என்றார் நஸீர் என்னிடம். "அவன்ட போன்ல பாட்டு மட்டுந்தான் இரிந்திச்சி. ஆரோ வட்ஸ்அப்ல அனுப்பினதாம். படமும் இல்ல, எழுத்தும் இல்ல. உங்கட மருமகன் கீழ எழுதுற பேரு அங்க போகாது."

உண்மையில் அது அச்சுத் தொழிலில் இருந்த எனக்குத் தெரிந்திருக்கவேண்டிய விஷயம். பத்திரிகையைக் கிழித்துத் தகரப் பேணிக்கு ஒட்டினாலும் கடலைக்குச் சரை சுற்றினாலும், எழுதியவரின் பெயர் எந்தப் பக்கம் கிழிந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

கிளம்பும்போது டீச்சர் கதவுவரை வந்தார். "அஸ்ஹர மெட்ட அனுப்பச் சொல்லுங்க," என்றார். "வாசிச்சித் தாறன்."

வழியில் என் மனைவி, அந்தப் பெண் மன்னித்துவிட்டாள் என்று சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் என்ன தோன்றியது என்று சொல்லவும் தெரியவில்லை.

வெட்ட முடியாத இடம்

பதிவு வந்த பின்னேரம் நான் அஸ்ஹரின் அறையில் இருந்தேன். சுதாகரும் இருந்தான். விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அஸ்ஹர் பதிவைப் போட்டான். முதலில் அலுமாரியின் அமைதி. பிறகு ஒரு பெண் குரல், பாடசாலை மேடையில் அடுத்த நிகழ்ச்சியை அறிவிப்பது போல, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக:

"மெலோடிக்கா வாசிப்பது, முகம்மது ஜெமீல் பாத்திமா றிஸ்வானா."

அந்தக் கடைசி 'னா' முடியவில்லை. நீண்டது. நீளும்போதே குரல் மெலிந்து, அதற்குள்ளிருந்து மெலோடிக்கா எழும்பியது. அரைக்கட்டையில் வளைந்து, முழுச் சுரமாகி, பாட்டின் முதல் வரியாக நடக்கத் தொடங்கியது.

டீச்சர் பேட்டியில் பேசுவது போல் பதிவுக்கு முன்னால் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறார் என்று அஸ்ஹர் நினைத்தான். பேச்சை வெட்டிவிட்டு வரியை எடுப்பதற்காகத் திரையில் அலைக்கோட்டைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். பேச்சுக்கும் இசைக்கும் நடுவே வெறுமையான இடம் இருக்கவேண்டும். இருக்கவில்லை. கட்டையை முன்கூட்டியே அமத்திக்கொண்டு, குழாயை உதட்டருகே வைத்து, பெயரைச் சொல்லி முடிக்கிற அதே மூச்சைக் குழாய்க்குள் விட்டிருக்கிறார். குரல் எங்கே முடிகிறது, வாத்தியம் எங்கே தொடங்குகிறது என்று திரையில் ஒரு கோடு போட முடியவில்லை.

ஓர் இடத்தில் வெட்டிப் பார்த்தான். சுரம் திடுக்கிட்டு விழித்தது போல் தொடங்கியது. கொஞ்சம் முன்னால் வெட்டினான். "வானா" என்று ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சம் பின்னால் போனான். வளைவு போய்விட்டது.

"தலை வெட்டின மீன் மாதிரிக் கிடக்கு," என்றான் சுதாகர். அவன் வாப்பா... இல்லை, அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். "விடு மச்சான். டீச்சர் தெரிஞ்சுதான் செஞ்சிருக்கா."

"திரும்ப ஒருக்கா வாசிக்கச் சொல்லட்டா மாமா?" என்று அஸ்ஹர் என்னைக் கேட்டான்.

நான் பதில் சொல்லுமுன் வாசலில் என் தங்கை நிற்பதைக் கண்டோம். கையில் தேத்தண்ணித் தட்டு. எப்போதிருந்து நிற்கிறாள் என்று தெரியாது.

"அத முதல்ல இருந்து போடு," என்றாள்.

அஸ்ஹர் போட்டான். அவள் தட்டைப் பிடித்தபடியே கேட்டாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"இது அந்தப் புள்ளட குரலா?"

"ஓம் உம்மா."

தட்டைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள். கோப்பைகளைச் சரிசெய்தாள்.

"நல்ல வடிவாச் சொல்லிரிக்கா," என்றாள். "கிடக்கட்டும்."

பாட்டு அப்படியே வெளிவந்தது. சுதாகரின் குரலுக்கு முன்னால், எந்தத் தாளமும் தொடங்குமுன், அந்தப் பெயர்தான் கேட்கும். கதைத்தவர்கள் கதைத்தார்கள். டீச்சருக்கு அது தெரியும். பாடசாலைக்கு வழக்கம்போல் போய்வந்தார். காணொளியில் இந்தத் தடவை யாரும் வாசிப்பதாக நடிக்கவில்லை. அந்த இடத்தில் கடல் மட்டும் வந்துபோகிறது.

சென்ற மாதம் ஒரு வேலையாக அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தேன். சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பக்கத்துக் கடையில் ஓர் இளைஞன் அரிசி மூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. வேலைக்கு நடுவே அந்த மெட்டை முணுமுணுக்கப் பார்த்தான். முதல் சுரம் பிடிபடவில்லை. இரண்டாம் தடவையும் தவறியது. மூடையை இறக்கி வைத்துவிட்டு, "பாத்திமா றிஸ்வானா" என்று சொல்லி, கடைசி எழுத்தை இழுத்தான். சுரம் அங்கே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினான்.